பில்லில் இல்லாத கணக்கு: மின் விநியோக நிறுவனங்களுக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மின் விநியோக நிறுவன அதிகாரிகளுக்கும், கட்டணத்தை முடிவுசெய்யும் ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துணை மின் நிலையம் மின்சாரம் தரும் வட்டாரத்தை ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று விவரங்களை ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள்: வீடுகள் யூனிட்டுக்கு உண்மையில் கொடுக்கும் விலை, வீடுகள் செலவழிக்கும் மின்சாரம், அதற்காகக் காற்றில் சேரும் கரியமில வாயு. இந்த மூன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை இல்லை. விலை ஆணையத்தின் உத்தரவில் இருக்கிறது, பயன்பாடு பில்லிங் கணினியில் இருக்கிறது, உமிழ்வு மின் உற்பத்தி நிலையங்களின் எரிபொருள் கணக்கில் இருக்கிறது. ஆளுக்கொரு அலமாரியில் கிடப்பதால், வீட்டில் ஸ்விட்சைத் தட்டுகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

விலையிலிருந்து தொடங்குவோம். பில்லை எடுத்தால் கட்ட வேண்டிய தொகை பெரிய எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் அடுக்குகள்: முதல் இத்தனை யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த இத்தனைக்கு வேறு விலை, அப்புறம் எவ்வளவு செலவழித்தாலும் மாறாத நிலைக் கட்டணம், வரி. கணக்கு வாத்தியார்கூட இதை உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, போன தடவையைவிடக் கூடவா குறைவா என்பதோடு விட்டுவிடுகிறோம். இதை ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் இரண்டு மின் நிறுவனங்களின் எல்லை ஊர்களுக்கு நடுவே போகிறது. ஒரே மாதிரி வீடுகள்தான், ஆனால் இந்தப் பக்கம் ஒரு கட்டணம், அந்தப் பக்கம் இன்னொரு கட்டணம். அங்கிருந்த வீடுகளின் பில்களை வைத்துப் பொருளியலாளர் கொய்ச்சிரோ இட்டோ 2014-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இதுதான்: மக்கள் கடைசி யூனிட்டின் விலையைப் பார்த்து நடப்பதில்லை, சராசரி விலையைப் பார்த்தே நடக்கிறார்கள்.

அடுக்குக் கட்டணம் என்ற ஏற்பாடே அந்தக் கடைசி யூனிட்டை நம்பித்தான் நிற்கிறது. அதிகம் செலவழிப்பவர் மேல் அடுக்கைப் பார்த்துக் கையைச் சுருக்குவார் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. ஏசியை இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிடலாமா என்று யோசிக்கும்போது தெரிய வேண்டியது அந்த மேல் அடுக்கின் விலை. அது பில்லில் தனி எண்ணாக எங்கேயாவது இருக்கிறதா? தென் கொரியாவில் 2016 வரை ஆறு அடுக்குகள் இருந்தன. உச்ச அடுக்கின் விலை அடி அடுக்கைப்போல் 11.7 மடங்கு. அந்த ஆண்டுக் கோடையில் ஏசி போட்ட குடும்பங்கள் பில்லைக் கண்டு கொதித்தெழுந்த பிறகு, அடுக்குகளை மூன்றாகக் குறைத்து, வித்தியாசத்தையும் சுமார் மூன்று மடங்குக்குக் கொண்டுவந்தார்கள். விலை எந்த இடத்தில் எகிறும் என்பது முன்கூட்டியே கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கோபத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நிலைக் கட்டணத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அது ஏற ஏற, சிக்கனமாக இருப்பவருக்கு யூனிட்டின் உண்மையான விலை கூடும். தாராளமாகச் செலவழிப்பவருக்குக் குறையும். கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது, அதை யாராவது தர வேண்டும், அதில் தகராறு இல்லை. ஒரு பகுதியில் குறைவாகச் செலவழிக்கும் வீடுகள் யூனிட்டுக்கு எவ்வளவு தருகின்றன, அதிகம் செலவழிக்கும் வீடுகள் எவ்வளவு தருகின்றன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். நியாயமா இல்லையா என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். எண் இல்லாமல் பேசினால் சத்தம்தான் மிஞ்சும்.

பயன்பாட்டு விவரத்தைச் சிறு பகுதி வரைக்கும் பிரித்து வெளியிட முடியுமா என்று கேட்பீர்கள். பிரிட்டன் அரசு இதை அஞ்சல் குறியீடு வாரியாகவே செய்கிறது. ஒரு குறியீட்டுக்குள் எத்தனை வீட்டு மீட்டர்கள், ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு, சராசரி எவ்வளவு, வரிசையில் நடுவில் நிற்கும் வீட்டுக்கு எவ்வளவு என்று எல்லாம் வருகிறது. மீட்டர்கள் மிகக் குறைவாக உள்ள இடங்களை விட்டுவிடுகிறார்கள், ஒரு வீட்டைத் தனியாக அடையாளம் காண முடியாதபடி. அந்த நடு வீட்டு எண் முக்கியம். பெரிய பங்களா நான்கு இருந்தால் தெருவின் சராசரி எங்கேயோ போய்விடும். பூட்டிக் கிடக்கும் வீடுகள் பத்து இருந்தால் சராசரி கீழே இறங்கிவிடும். நடு வீடு அவ்வளவு எளிதில் ஏமாறாது.

சராசரியை மட்டும் சொல்வதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் சுமார் 290 வீடுகளில் செய்த சோதனை 2007-இல் வெளிவந்தது. அக்கம்பக்கத்தார் சராசரியாக எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற தகவலைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், நல்லது. குறைவாகச் செலவழித்தவர்கள், 'அட, நாம்தான் வீணாகக் கஷ்டப்படுகிறோமோ' என்பதுபோல் கூட்டிவிட்டார்கள்! அவர்களுக்கான சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்ததும் அந்த ஏற்றம் நின்றது. ஆஸ்திரேலியாவில் பில்லிலேயே ஒப்பீடு வருகிறது. அதே பகுதியில் ஒருவர் இருக்கும் வீடு, இருவர் இருக்கும் வீடு, மூவர் இருக்கும் வீடு என்று பிரித்துக் காட்டுகிறார்கள். அதுதான் முறை. ஏழு பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்தைத் தனி ஆள் வீட்டோடு ஒப்பிட்டு 'நீங்கள் அதிகம்' என்று எழுதி அனுப்பினால், அந்தப் பில்லைக் கசக்கிப் போடுவதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்?

இனி உமிழ்வு. மூன்றில் இதுதான் சிக்கலானது, இதில்தான் ஏமாற்றுவதும் எளிது.

மாதம் 300 யூனிட் செலவழிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். நிலக்கரியை அதிகம் நம்பியிருக்கும் இந்திய மின் கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. அப்படியென்றால் மாதம் 210 கிலோ. அணு மின்சாரமும் நீர் மின்சாரமும் பெரும்பங்கு வகிக்கும் பிரான்சில் யூனிட்டுக்குச் சுமார் 0.05 கிலோ என்று வைத்தாலும், அதே 300 யூனிட்டுக்கு 15 கிலோதான். அதே பல்பு, அதே குளிர்சாதனப் பெட்டி. வித்தியாசம் கம்பியின் மறுமுனையில் இருக்கிறது. அதனால்தான் யூனிட்டை மட்டும் பார்த்து ஒரு வட்டாரத்தைப் பசுமை என்றோ அழுக்கு என்றோ முத்திரை குத்த முடியாது.

மின் நிலையத்தில் அளந்த எண்ணை அப்படியே வீட்டுக்குப் பொருத்துவதும் சரியில்லை. வழியில் 15 சதவீதம் இழப்பு என்றால், வீட்டில் ஒரு யூனிட் வந்துசேர ஏறக்குறைய 1.18 யூனிட் உற்பத்தியாக வேண்டும், 0.7 கிலோ 0.82 ஆகிவிடும். இந்த இழப்பு எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். எல்லோரும் வீடு திரும்பி எல்லாவற்றையும் போடும் மாலை நேர யூனிட், நள்ளிரவு யூனிட்டைவிட வழியில் அதிகம் கொட்டிக்கொண்டே வருகிறது. பழைய கம்பியும் திணறும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள பகுதியில் உமிழ்வின் ஒரு பங்கு உங்கள் பொறுப்பு, வீட்டுக்காரர் பொறுப்பு இல்லை. பகுதிவாரி இழப்பை வெளியிடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தவறாக இருந்தால், எண்ணை வெளியிட்டு என் வாயை அடைத்துவிடுங்கள்.

அடுத்தது 'பசுமை மின்சாரம்' என்ற காகிதம். நார்வேயில் உற்பத்தியாகும் மின்சாரம் பெரும்பாலும் நீர் மின்சாரம். ஆனால் அங்குள்ள நிறுவனங்கள் அந்தப் பசுமைக்கான சான்றிதழ்களை ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கு விற்கின்றன. விற்றபின் அதைத் தங்களுடையது என்று சொல்லக் கூடாது. அதனால் சான்றிதழ் வாங்காத நார்வே வீட்டுக்கு வரும் மின்சாரம், காகிதக் கணக்கில் பெரும்பாலும் புதைபடிவ எரிபொருளிலிருந்தும் அணுவிலிருந்தும் வந்ததாகப் பதிவாகிறது. வீட்டுக்குப் பின்னால் அருவி கொட்டிக்கொண்டிருக்கும்! இரண்டு கணக்குகளுக்கும் இடம் உண்டு. உமிழ்வுக் கணக்கில் பெரிதும் பின்பற்றப்படும் ஜிஹெச்ஜி புரோட்டோகாலின் 2015 வழிகாட்டுதலே, இடத்தை வைத்து ஒன்று, ஒப்பந்தத்தை வைத்து ஒன்று என்று இரண்டையும் காட்டச் சொல்கிறது. நீங்களும் இரண்டையும் காட்டுங்கள். அழகாகத் தெரிவதை மட்டும் எடுத்துப் போஸ்டர் அடிக்க வேண்டாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் யூனிட்டுக்கு 1000 துடிப்பு என்பதுபோல் அச்சிட்டிருக்கும். இரண்டு கிலோவாட் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு தடவை மினுக்கும். மதியம் போட்டாலும் இரவு ஏழரைக்குப் போட்டாலும் அதே வேகம்தான். விளக்குக்கு நேரம் தெரியாது. மின் கட்டமைப்புக்குத் தெரியும். வெயில் கொளுத்தும் மதியத்தில் சோலார் கொட்டுகிறது. சூரியன் இறங்கியதும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல இடங்களில் எரிவாயுவோ நிலக்கரியோதான் ஓடிவருகிறது. மாலையில் நான் ஒரு யூனிட்டை மிச்சம் பிடித்தால் சோலாரை யாரும் குறைக்கப் போவதில்லை, அந்த நேரத்தில் ஏற்றி இறக்கக்கூடிய நிலையத்தைத்தான் சற்று இறக்குவார்கள். ஆண்டுச் சராசரியான 0.7 இதில் எதையும் சொல்லாது. துணி துவைக்கும் இயந்திரத்தை எப்போது போடுவது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது.

பிரிட்டனில் மின் கட்டமைப்பை இயக்கும் அமைப்பு, நாட்டை 14 பகுதிகளாகப் பிரித்து, அரைமணிக்கு அரைமணி யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று முன்கூட்டியே கணித்து இலவசமாகத் தருகிறது. வானிலை அறிக்கை மாதிரி எவரும் பார்த்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்துகிறோம் என்று வீடு வீடாக வருகிறீர்களே, அந்த மீட்டர் உங்களுக்கு அனுப்பும் விவரத்தில் கொஞ்சமாவது எங்களுக்கும் திரும்பி வரட்டும்.

எதிர்வாதங்களும் எனக்குத் தெரியும். தனியுரிமை முதலாவது. அது உண்மையான கவலை. அரைமணிக்கு ஒரு தடவை எடுத்த மீட்டர் கணக்கைப் பார்த்தால் வீட்டில் எப்போது ஆள் இல்லை என்று திருடனும் தெரிந்துகொள்வான். நான் வீட்டுக் கணக்கைக் கேட்கவில்லை, பகுதியின் கூட்டுத்தொகையைத்தான் கேட்கிறேன். குறைந்தது நூறு வீடு இல்லாமல் எந்த எண்ணையும் வெளியிடாதீர்கள், போதும்.

மற்றது, பகுதிகளைத் தவறாக மதிப்பிட்டுவிடுவார்கள் என்பது. இதில் நியாயம் அதிகம் இருக்கிறது. எரிவாயு அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறிய தெருவில் மின் பயன்பாடு ஏறும். பெட்ரோல் வண்டிக்குப் பதில் மின்சார வண்டியைச் சார்ஜ் போடும் வீட்டில் இன்னும் ஏறும். மின் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் கெட்டுப்போனவர்கள் போலத் தெரிவார்கள்; பெட்ரோல் பங்கில் மிச்சமானது உங்கள் அட்டவணையில் வராது. இதற்கு நேர்மாறாக, கூரையில் சோலார் போட்ட வசதியான பகுதி, கட்டமைப்பிலிருந்து எடுத்ததில் கொடுத்ததைக் கழித்துவிட்டால் தவம் இருப்பதுபோல் தெரியும், மாலையானதும் எல்லோரையும்போல அவர்களும் கம்பியிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்றாலும். வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரையே சொந்தமில்லை, சோலாருக்கு எங்கே போவார்? ஆகவே எடுத்தது, கொடுத்தது இரண்டையும் கழிக்காமல் தனித்தனியாகப் போடுங்கள். மின்சார வண்டி, மின்சார அடுப்பு பற்றித் தெரிந்த இடத்தில் ஒரு வரிக் குறிப்பு சேருங்கள். தவறாகப் படித்துவிடுவார்கள் என்பதற்காக எண்ணையே மறைத்தால், வதந்திதான் அந்த இடத்தை நிரப்பும்.

செலவு ஆகும் என்ற வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதை) வாரியாக மீட்டர் வைத்திருக்கிறீர்கள், எந்த இணைப்பு எந்த டிரான்ஸ்ஃபார்மரில் என்று பட்டியலும் இருக்க வேண்டும். பட்டியல் சரியாக இல்லை என்றால், அதைச் சரிசெய்வது எப்படியும் உங்கள் வேலைதான்.

அடுத்த கட்டண உயர்வு மனு வரும்போது, அதன் பின்னிணைப்பாக இந்தப் பகுதிவாரிப் பக்கங்களையும் சேர்க்கச் சொல்லி ஆணையம் உத்தரவிட வேண்டும். எல்லாப் பகுதிக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், இழப்பு அதிகமுள்ள பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பாவது அவை எங்கள் கைக்கு வந்தால், படித்துவிட்டு வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
பில்லைத் தவறாமல் கட்டும் ஒரு வீட்டு மின் நுகர்வோர்