தங்கைக்கு, குத்தூசி செய்வது பற்றி

அன்புள்ள தங்கைக்கு,

நோட்டு தைக்கக் குத்தூசியை நீயே செய்யப்போகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கடையில் கிடைக்கும் பல குத்தூசிகள் தோலுக்கும் மரத்துக்கும் ஆனவை. நுனியில் விளிம்பு இருக்கும். அந்த விளிம்பு தாளை அறுக்கும், நூலை இறுக்கும்போது அறுப்பு நீண்டு கிழியும். காகிதத்துக்கு உருண்டு குவிந்த நுனிதான் வேண்டும்.

நேரான சாக்கு ஊசி ஒன்று வாங்கு. சைக்கிள் ஸ்போக் வேண்டாம், வளைந்துவிடும். ஊசியின் தட்டை நுனியை உருட்ட, அதை டிரில் சக்கில் (பிட்டைக் கவ்வும் வாயில்) மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, எண்ணெய்க் கல்லில் (கத்தி தீட்டும் கல்லில்) சாய்த்துப் பிடி. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சாணைச் சக்கரக் கிரைண்டரில் தேய்த்தால் அடிக்கடி தண்ணீரில் முக்கு. இரும்பு நீலம் பூத்தால் பதம் போய்விட்டது, அந்த இடம் முழுவதையும் தேய்த்துக் கழிக்கத்தான் வேண்டும்.

பிடிக்குக் கருவேலம் அல்லது புளி. நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்கட்டும். ஈரம் இருந்தால் பின்னால் மரம் சுருங்கிப் பூண் (பிடியின் வாயில் மாட்டும் உலோக வளையம்) கழன்றுவிடும். 24 மி.மீ. சதுரம், 90 மி.மீ. நீளம்.

துளையை முதலில் போடு, பிடியைப் பிறகு செதுக்கு. பலர் இதைத்தான் மாற்றிச் செய்கிறார்கள். மரத்தின் தலைப்பக்கம் துளைக்கும்போது டிரில் பிட் ரேகையோடு விலகிப் போகும். சதுரக் கட்டை வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) நேராக நிற்கும். துளை கொஞ்சம் சாய்ந்தாலும் அதை நடுவாக வைத்துப் பிடியைச் செதுக்கிக்கொள்ளலாம். ஊசியின் காதுப் பக்கம்தான் உள்ளே போகவேண்டும். காதின் அகலத்தை அளந்து அதே அளவு பிட் எடு, பெரும்பாலும் 3 மி.மீ. வரும். ஆழம் 30 மி.மீ.

பூணுக்கு ஏசி மெக்கானிக் வெட்டிப்போடும் 3/8 அங்குலச் செம்புக்குழாயில் 12 மி.மீ. துண்டு போதும். துளை உள்ள முனையை அதற்குள் இறுக்கமாகப் போகும்படி செதுக்கி மாட்டு. பூண் இல்லாவிட்டால் ஊசியை அசைக்கும் இடத்தில் மரம் பிளக்கும். பிறகு ஒவ்வொரு முகத்திலும் இரு ஓரத்திலிருந்தும் 7 மி.மீ. உள்ளே கோடு போட்டு மூலைகளைச் சீவு. எண்கோணம் வரும், மேசையில் உருளாது. உப்புத்தாள் எண் 120, 220, 400 என்று போ.

ஊசியின் அடியைச் சொரசொரப்பாக்கி, அரால்டைட் பசையின் இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து குச்சியால் துளையின் அடியிலிருந்து நிரப்பு. ஊசியைத் திருகியபடி மெதுவாக இறக்கினால் காற்று வெளியேறும், பசை காதுக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். வெளியே 35 மி.மீ. நீட்டியிருக்கட்டும். ஒரு நாள் தொடாதே.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக. தேங்காய் எண்ணெய் உலராது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடு.

அன்புடன்,
அண்ணன்