குரோமியக் கழிவுநீரில் காரம் மிகுவதைக் கண்காணிக்கக் கோரும் மனு

பெறுநர்: தலைவர் அவர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.
அனுப்புநர்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேதியியலர்.

பொருள்: குரோமியப் படிவுத் தொட்டியின் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையின் அளவு) ஆய்வுப் படிவத்தில் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மின்முலாம் ஆலைக் கழிவுநீரிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியத்தை (நீரில் கரைந்து நிற்கும் நச்சு வடிவம்), பி.எச். 2 முதல் 3 வரை அமிலமாக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட்டால் மூன்று இணைதிறமாக (படியவைக்கக்கூடிய வடிவம்) ஒடுக்குகிறார்கள். பின்பு காஸ்டிக் சோடாவோ சுண்ணாம்போ சேர்த்து ஹைட்ராக்சைடாகப் படியவைக்கிறார்கள். ஆனால் எங்களுக்குத் தரப்படும் ஆய்வுப் படிவம் பி.எச். அளவை வெளியேறும் நீருக்கு மட்டுமே கேட்கிறது. கோளாறு நடப்பதோ படிவுத் தொட்டியில்.

குரோமியம் ஹைட்ராக்சைடு ஈரியல்புடையது; அதாவது அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். பி.எச். 8.5-ஐ ஒட்டித்தான் அது மிகக் குறைவாகக் கரைகிறது. காஸ்டிக்கைத் தாராளமாக ஊற்றி 12-ஐத் தாண்டவிட்டால், அடியில் படிந்த சாம்பல் பச்சைக் கூழ் கரையத் தொடங்கி, நீர் தெளிந்த பச்சையாகிறது. தொட்டியருகே நிற்பவரைக் குறை சொல்வதற்கில்லை: நிக்கல் நன்கு படிய பி.எச். 10-க்கு மேல் வேண்டும். இரண்டு உலோகங்களும் ஒரே தொட்டிக்கு வந்தால் அவர் எதற்குத்தான் அளவு பார்ப்பார்?

இதைவிட ஆபத்தானது ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் சேர்மம். சயனைடை அழிக்கச் சேர்த்ததில் மிஞ்சியது இந்தக் காரநீரில் கலந்தால், மூன்று இணைதிறக் குரோமியம் மீண்டும் ஆறு இணைதிறக் குரோமேட்டாகிவிடும். ஆறு இணைதிறக் குரோமியம் மூன்று இணைதிறமாக ஒடுங்கும் நாட்டத்தைக் காட்டுவது திட்ட ஒடுக்க மின்னழுத்தம். அமிலத்தில் அது டைகுரோமேட் வடிவுக்கு +1.33 வோல்ட்; காரத்தில் குரோமேட்டுக்கு அது −0.13 வோல்ட்தான். இந்த அளவு குறைந்தால் எதிர்த்திசை மாற்றமான ஆக்சிஜனேற்றம் எளிதாகும்; காரத்தில் அது அவ்வளவு எளிது. பச்சை நீர் மஞ்சளாகும். அதன்பின் எவ்வளவு காஸ்டிக் ஊற்றினாலும் குரோமேட் படியாது. கடைசித் தொட்டியில் அமிலம் சேர்த்து பி.எச். 7-க்குக் கொண்டுவந்தால் மூன்று இணைதிறக் குரோமியம் கலங்கலாகவாவது திரளும். குரோமேட் கரைந்தபடியே வெளியேறும். படிவத்தில் பி.எச். சரியாகவே இருக்கும். ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

எனவே படிவுத் தொட்டியின் பி.எச். அளவை ஒவ்வோர் ஆய்விலும் பதிவு செய்யவும், குரோமியத்தை 8 முதல் 9-க்குள் தனியே படியவைத்து, கசடைப் பிரித்த பின்பே நிக்கல் நீருடன் சேர்க்கவும், சயனைடுத் தொட்டியிலிருந்து வரும் நீரில் மிச்சக் குளோரின் இல்லை என்று உறுதிசெய்த பின்பே அதைக் கலக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். வெளியேறும் நீரில் மொத்தக் குரோமியத்தோடு நில்லாமல், டைபீனைல்கார்பசைடு சோதனையால் ஆறு இணைதிறக் குரோமியத்தைத் தனியே அளக்கவும் வேண்டுகிறேன். செவ்வூதா நிறம் தோன்றும் எளிய சோதனைதான் அது. புதிய கருவி வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்