தம்பியின் நோட்டுகளைப் படியெடுத்தவர்களுக்கு

ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைக் கவனித்து எழுதிவைக்கும் மாறும் விண்மீன் குழு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் அவனுடைய அக்கா. அவன் இறந்த செய்தியை உங்களுக்குச் சொன்னதும் நான்தான். அன்றைக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போட உட்கார்ந்தேன், வந்து குவிந்திருந்ததைப் பார்த்ததும் மலைத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

19 வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிள்ளை என்றுதான் உறவினர்கள் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். தப்பில்லை, அவர்கள் பார்த்தது அதைத்தான். உங்களிடம் மட்டும்தான் அவன் நோயாளியாக இல்லாமல் இருந்தான். "நேற்று திருவாதிரைக்கு நீ கொடுத்த ஒளி எண் கொஞ்சம் இடிக்கிறதே, எதோடு ஒப்பிட்டாய்?" என்று கீமோ நடந்த வாரத்திலும் விடாமல் கேட்டீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவனோ எழுந்து சாய்ந்து உட்கார்ந்து பதில் தட்டினான். அன்றைக்கு முழுக்க அவன் எழுந்து உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அவன் உங்களிடம் வந்து சேர்ந்ததும் திருவாதிரையால்தான். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் 1.6 மேக்னிடியூட் வரை (இது ஒளியின் அளவு; எண் கூடினால் ஒளி குறைவு) இறங்கியபோது, வெடிக்கப் போகிறது என்று எங்கும் ஒரே பேச்சு. வெடிக்கவில்லை. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முன்னால் வந்து மறைத்தது என்று பிறகு தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கலைந்து போனார்கள், இவன் தங்கிவிட்டான். ரோகிணி ஒரு பக்கம், பெல்லாட்ரிக்ஸ் என்ற விண்மீன் ஒரு பக்கம், இரண்டின் ஒளிக்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது என்று வெறுங்கண்ணால் மதிப்பிடக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு என் முதல் நன்றி. "சிவப்பு விண்மீனை வெறித்துப் பார்க்காதே, பார்க்கப் பார்க்கக் கூடுதலாக ஒளிர்வதுபோல் ஏமாற்றும், சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடு" என்று நீங்கள் சொன்னதை அவன் எங்களுக்கும் பாடம் எடுத்தான். அம்மாவுக்குக்கூட இப்போது தெரியும்.

மாடிப்படி ஏற முடியாமல் போனபோது, தானியங்கித் தொலைநோக்கிகள் பதிவு செய்த ஒளிவரைபடங்களை, அதாவது விண்மீனின் ஒளி எப்படி மாறுகிறது என்று காட்டும் படங்களை, வகை பிரிக்கும் வேலையை, பொதுமக்களும் ஆய்வுக்கு உதவும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் காட்டிக்கொடுத்தீர்கள். படுத்துக்கொண்டே செய்யலாம், மேகம் வந்தாலும் நிற்காது. இரக்கப்பட்டுக் கொடுத்த வேலைபோல அவனுக்குத் தெரியக் கூடாது என்று ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டு நீங்களும் செய்தீர்களே, அதை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம், இரவில் பார்த்ததை அவன் எழுதிவைத்த நோட்டுகள். அவற்றைப் படம் எடுத்து அனுப்பியபோது இவ்வளவு பாடுபடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சைத்தான் வைத்திருப்பான். அந்த வெளிச்சத்தில் எழுதினால் எப்படி இருக்கும்? வரி மேல் வரி ஏறிக் கிடக்கும், 3 எது 8 எது என்று தெரியாது. ஒரு பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறான். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியவே தெரியாது. பக்கம் காலியாக இருக்கிறது என்று நினைத்து, பாவம், அதன் மேலேயே இன்னொரு இரவின் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறான். ஓரத்தில் கிறுக்கியிருந்த நிலா, மேகக் குறிப்புகளை வைத்து எந்த எண் எந்த இரவுக்கு உரியது என்று பிரித்தெடுத்த உங்கள் குழு அக்காவின் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஓர் எண்மீது உங்களுக்குள் வாக்குவாதம் நடந்ததையும் படித்தேன். மற்றவர்கள் கண்டதற்கும் அவன் எழுதியதற்கும் ஏக இடைவெளி. விட்டுவிடலாம் என்றார் ஒருவர். "அவன் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறான். ஐயம் என்று குறிப்புப் போட்டு அப்படியே அனுப்புவோம்" என்றார் இன்னொருவர். அப்படியே போனது. 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்தின் பதிவுகளில், முறைப்படி கேட்டு, அவனுடைய நோக்குநர் குறியீட்டிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டீர்கள். இறந்த பையனாயிற்றே என்று அந்த எண்ணைத் திருத்தி அழகாக்காமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது.

அம்மாவோடு தொலைபேசியில் பேசிய பெரியவருக்குத் தனியாக நன்றி, ஐயா. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய வானியலாளர் ஜான் குட்ரிக்கின் கதையை நீங்கள்தான் சொன்னீர்கள். சிறு வயதிலேயே காது கேட்காமல் போன பையன்; ஆல்கால் என்ற விண்மீன் ஏன் ஏறத்தாழ மூன்று நாளைக்கு ஒரு முறை மங்குகிறது என்பதற்கு, முன்னால் ஏதோ ஒன்று வந்து மறைக்கிறது என்று காரணம் சொன்னவன்; 1783-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம்; 1784-இல் டெல்டா செஃபி என்ற விண்மீனின் ஒளி மாற்றத்தையும் கண்டுபிடித்தான்; 1786-இல், 21 வயதில், இறந்துபோனான். அந்த வகை விண்மீன்களை வைத்துத்தான் பிற்காலத்தில் விண்மீன் திரள்களின் தூரத்தையே அளந்தார்கள் என்றீர்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையனோட அம்மா என்ன பண்ணினாங்க?" என்று கேட்டார். நீங்கள் ஆறுதலுக்காக எதையும் இட்டுக்கட்டவில்லை. பேசாமல் இருந்தீர்கள். அம்மாவுக்கு அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அவன் பெயரில் ஒரு விண்மீன் வாங்கலாம் என்று சித்தப்பா பணத்தோடு கிளம்பியபோது பக்குவமாகத் தடுத்தவருக்கும் நன்றி. பெயர் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொறுப்பு, விலைக்கு வரும் சான்றிதழ் வெறும் காகிதம் என்று நாங்கள் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். "அவன் நட்சத்திரமாகிவிட்டான்" என்று எழுதியவர்களுக்கும் நன்றி. ஆனால் அவனிடம் சொல்லியிருந்தால் "எந்த வகை, மேக்னிடியூட் எவ்வளவு?" என்று கேட்டிருப்பான்.

1866-லும் 1946-லும் வெடித்த டி கொரோனே போரியாலிஸ் என்ற விண்மீன் மறுபடி வெடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். கிடைக்கவில்லை. அதை அவன் கவனித்துவந்த வேலையை நீங்கள் ஆளுக்கொரு நாளாகப் பங்கு போட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வெடித்தால் எந்த நேரமானாலும் எங்களையும் எழுப்புங்கள். அம்மா கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒரு விஷயம். அவனுடைய பெட்டியில் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று இருக்கிறது, அவன் வாங்கியதில்லை. "திருப்பித் தர வேண்டும்" என்று ஒட்டியிருக்கிறான், யாருக்கு என்று எழுதவில்லை. உங்களில் யாருடையது என்று சொல்லுங்கள், துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவனுடைய பைனாகுலரைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் யாருக்குக் கொடுக்கலாம் என்பதையும் நீங்களே பேசி முடிவு செய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
அவனுடைய அக்கா