மூணு மா நிலத்தை விற்க வேண்டாம்

மெல்பர்ன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் இங்கே வீடு வாங்குவதற்காக வாய்க்கால் ஓர மூணு மாவை விற்று எனக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னீர்கள். ஊர் வீட்டை என் பெயருக்கு எழுதிய செட்டில்மென்ட் பத்திரத்தையும் மாற்றிவிடலாமா என்று கேட்டீர்கள். இரண்டுமே வேண்டாம் அப்பா. போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும், அதனால் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் பத்திரம். முதன்முதலாக வீடு வாங்குபவர்களுக்கு இங்கே அரசு தரும் 'முதல் வீடு' சலுகையை, ஊரில் வீடு இருப்பவனுக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்பது உங்கள் கவலை. எங்கள் விக்டோரியா மாநிலத்தில், ஆஸ்திரேலியாவுக்குள் வீடு வைத்திருந்தோமா என்றுதான் பார்க்கிறார்கள். கணவன், மனைவி இருவரையும் பார்ப்பார்கள். எங்களுக்கு இங்கே எதுவும் இல்லை. இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதியும் (பி.ஆர்) கிடைத்துவிட்டது. ஊர் வீடு எதற்கும் தடையில்லை.

நாங்கள் பார்த்திருப்பது மெல்பர்னின் மேற்கே டார்னீட்டில் 350 சதுர மீட்டர் மனை. நம் கணக்கில் எட்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. மனை 3,80,000 டாலர், வீடு கட்டித்தர 3,20,000 டாலர். ஆக 7,00,000.

நம் ஊரில் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், அதற்குமேல் பதிவுக் கட்டணம் வேறு. இங்கே மனையை வாங்கிவிட்டு, வீட்டுக்குத் தனி ஒப்பந்தம் போட்டால் மனை விலைக்கு மட்டும்தான் முத்திரைக் கட்டணம். நாங்கள் குடியிருக்கப்போகும் வீடு என்ற கணக்கில் அதுவே 15,370 டாலர் வரும். முதல் வீடு என்பதால் அதுவும் இல்லை. 6,00,000 டாலர் வரை முழு விலக்கு, அங்கிருந்து 7,50,000 வரை சலுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இந்த வரம்பை 2017 ஜூலையில் வைத்தார்கள், அப்புறம் உயர்த்தவே இல்லை. வீட்டு விலையோ எங்கேயோ போய்விட்டது. இது எனக்குப் பெரிய குறையாகத்தான் படுகிறது. நகரத்துக்குள் ஒரு பழைய வீடு வாங்க நினைப்பவர்களுக்கு இந்தச் சலுகை எட்டுவதே இல்லை. எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் நகரத்தின் ஓரத்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, முதல் வீடு வாங்குபவர்களுக்கு அரசு தரும் மானியம் 10,000 டாலர். புது வீட்டுக்கு மட்டும்தான், அதுவும் மனையும் கட்டுமானமும் சேர்த்து 7,50,000-ஐத் தாண்டக்கூடாது. 2000-இல் ஜிஎஸ்டி கொண்டுவந்தபோது வீட்டு விலை ஏறுமே என்று ஆரம்பித்தது, அப்போது 7,000. வங்கி மூலமாக விண்ணப்பித்தால், கட்டடக்காரருக்கு முதல் தவணை கொடுக்கும் சமயத்தில்தான் பணம் வரும். அதனால் முன்பணக் கணக்கில் இதை நான் சேர்க்கவில்லை.

உண்மையில் எங்களைக் காப்பாற்றுவது மூன்றாவது விஷயம். வழக்கமாக 20 சதவீதம், அதாவது 1,40,000 டாலர், கையிலிருந்து போட வேண்டும். குறைந்தால் வங்கியின் பாதுகாப்புக்கான காப்பீட்டுக்கு நாம் பிரீமியம் கட்ட வேண்டும், அதுவே பல்லாயிரம் டாலர். இப்போது மத்திய அரசு 15 சதவீதம் வரை வங்கிக்கு ஜாமீன் நிற்கிறது. நாம் 5 சதவீதம் போட்டால் போதும், காப்பீடும் வேண்டாம். முன்பு வருமான வரம்பு இருந்தது, 2025 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் பங்கு 35,000 டாலர். அது எங்கள் சேமிப்பிலேயே இருக்கிறது.

உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ஜாமீன் என்பது இனாம் இல்லை. மீதி 6,65,000-க்கும் வட்டி நாங்கள்தான் கட்ட வேண்டும், கடனும் 30 வருஷம். வட்டி இன்னும் 2 சதவீதம் ஏறினால் தாங்குமா என்று கவிதாவும் நானும் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். இறுக்கமாக இருக்கும், ஆனால் தாங்கும். வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்று மாமா சொன்னது ஆரம்பத்தில் நடக்காது. மானியமும் கட்டண விலக்கும் வாங்கினால், வீடு முடிந்து ஒரு வருஷத்துக்குள் குடிபுகுந்து, தொடர்ந்து 12 மாதம் நாங்களே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கேட்பார்கள்.

அம்மா வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார்களாம். வடக்கு. இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்துதான் விழும், குளிர்காலத்தில் கூடத்துக்கு வெளிச்சம் வரும்.

நிலத்தைக் கேட்டு வந்த தரகரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். இந்த வருஷம் குறுவை போடுகிறீர்களா, தண்ணீர் எப்படி என்று எழுதுங்கள்.

அன்பு மகன்,
செந்தில்