ரியூசனுக்குக் காசு, கூத்துக்கு வெற்றிலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் இ.போ.ச. பஸ்ஸில் 28 வருசம் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மட்டக்களப்பு–கல்முனை ஓட்டம்தான் அதிகம். இப்போது வயது 62. சனிக்கிழமை பின்னேரங்களில் கல்லடியில் ஒரு நடிப்பு வகுப்புக்குப் போகிறேன். சிரிக்க வேண்டாம், என் மனிசி உங்கள் பங்குக்கும் சேர்த்துச் சிரித்து முடித்துவிட்டா.

வகுப்பை நடத்துவது கல்லடி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து முடித்த ஒரு பெண்பிள்ளை. நாங்கள் 9 பேர். ஆகச் சின்னது என் பேத்தி, 8 வயது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் குந்தியிருந்த என்னைப் பார்த்து, "செருப்புக்குக் காவலா ஐயா? நீங்களும் உள்ள வாங்களன்" என்றா அந்தப் பிள்ளை. அப்படித்தான் தொடங்கியது.

முதல் பயிற்சி, மண்டபம் முழுக்க ஆளோடு ஆள் முட்டாமல் நடப்பது. கை தட்டினால் அப்படியே நிற்க வேண்டும். 17 வயதுப் பொடியன்கள் தள்ளாடினார்கள். எனக்கு ஒன்றுமில்லை. கம்பியைப் பிடிக்காமல், ஒரு கையில் ரிக்கற் புத்தகமும் மறு கையில் காசுமாக, ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால் இது. "ஐயாட முழங்காலப் பாருங்க, எப்படி இளக்கி வச்சிருக்கார்" என்று மற்றவர்களுக்குக் காட்டினா.

மறுகா முகமூடி. எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். அதைப் போட்டுக்கொண்டு கவலையை உடம்பால் காட்ட வேண்டும். லெகொக் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் பாரிசில் பள்ளிக்கூடம் வைத்து இப்படிப் பழக்கினாராம். அதற்கு முதல் அவர் உடற்பயிற்சி ஆசிரியராம். எனக்கு எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார்தான் நினைவுக்கு வந்தார். 1982இல் ஊரில் வடமோடிக் கூத்துப் பழகினேன். வட்டக்களரி என்கிற வட்டமான கூத்து மேடையில் நாலு பக்கமும் சனம். முகத்தைக் காட்டி நடிப்பதென்றால் எந்தப் பக்கம் காட்டுவது? கரப்புக் கூடை போல விரிந்த கரப்புடுப்பும் கிரீடமும் சுமந்துகொண்டு காலும் தோளும்தான் பேச வேண்டும். தாளம் பிசகினால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அது போதும்.

சரி, எழுத வந்த விசயம் காசு. வகுப்புக்கு மாதம் 1500 ரூபாய். "கலையை விக்கிறாள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய மகன் மூன்று ரியூசனுக்குப் போகிறான். 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரப் பாடம்தான், அதற்கு ரியூசன் என்றால் அவரும் மறுபேச்சில்லாமல் கட்டுவார். பரீட்சை இல்லாத நடிப்புக்குக் காசு கேட்டால் மட்டும் பாவமாம்.

அண்ணாவியாருக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? சட்டம் கொடுத்த (அவரவர் பாத்திரத்தின் பாட்டுகளைக் கையில் தந்த) நாளில் வெற்றிலை பாக்கு, அரங்கேற்றத்தில் வேட்டியும் கையில் கொஞ்சக் காசும். பகலில் வயல், இரவில் எங்களோடு, அதுவும் மாதக் கணக்கில். அவருடைய மகன்மார் ஒருவரும் மத்தளத்தைத் தொடவில்லை. ஒருவர் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். யார் குறை சொல்ல முடியும்?

அந்தப் பிள்ளை வாங்கும் காசிலும் பாதி மண்டப வாடகைக்குப் போகிறது. ஓரிடத்தில் கலியாண வீட்டுக்கு வாங்கும் வாடகையையே கேட்டார்கள். கலாசார மண்டபங்களைக் கையில் வைத்திருக்கும் மாநகர சபையும் பிரதேச சபைகளும் சனி, ஞாயிறில் மணித்தியாலக் கணக்கில் குறைந்த வாடகைக்குத் தரலாம். பூட்டிக் கிடக்கும் நேரம்தானே கேட்கிறோம்.

இன்னொன்று. வாற இரண்டு சனியும் ஓர் அண்ணாவியார் எங்களுக்கு வடமோடி ஆட்டம் பழக்க வருகிறார். தலைக்கு 300 ரூபாய் மேலதிகமாகப் போட்டிருக்கிறோம். கணக்கு வாத்தியாருக்கு மணித்தியாலக் காசு கொடுப்பது போல அவருக்கும். சொன்னபோது மனிசன் கூச்சப்பட்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயல் வேலை முடித்து 5 மணிக்குத்தான் வர ஏலுமாம். மண்டபக்காரர் 6 மணிக்குப் பூட்டுகிறார்.

முன்னாள் கொண்டக்டர்,
ஆரையம்பதி.