மெத்தையை மடிக்கச் சொன்ன மகானுபாவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் வீடு மாறுவோருக்கான குறிப்புகளில், மெத்தையை இரண்டாக மடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் இடமும் மிச்சம், வேலையும் சுலபம் என்று ஒரு வரி வந்திருந்தது. அதை எழுதியவர் கடைசியாக எப்போது மெத்தை தூக்கினார் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டில் அந்த வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் என் தம்பி. ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டைக் காலி செய்து கடலூருக்கு வந்தோம். (ஊரே ஆவணியில்தான் வீடு மாறுகிறது. வண்டி வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும். அதைப் பற்றி உங்கள் குறிப்பில் மூச்சே இல்லை.) நான் உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே அவன் காரியத்தை முடித்துவிட்டான்.

அது ஸ்பிரிங் மெத்தை, ஐயா. என் வீட்டுக்காரரின் முதுகுவலிக்காகத் தவணையில் வாங்கியது. அதன் ஓரம் முழுக்கக் கம்பி ஓடுகிறது. மடித்தால் வளையும், வளைந்தது வளைந்ததுதான். தங்களுக்குத் தெரியாததா? நார் மெத்தையென்றால் நடுவில் முறியும். சுருட்டிக் கட்டுவதெல்லாம் பஞ்சு மெத்தைக்கும் மெல்லிய ஃபோம் மெத்தைக்கும்தான், ஃபோமுக்கு அதுவும் சில மணி நேரம்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி எழுத அபார தைரியம் வேண்டும்.

குட்டி யானை ஓட்டி வந்த பையன் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டான். "யாரும்மா மடிச்சது? நிக்க வச்சா பீரோவுக்கும் பாடிக்கும் நடுவுல கச்சிதமா நின்னுருக்குமே!" அந்த வண்டியின் அகலம் முழுசாக ஐந்தடி வராது. ஐந்துக்கு ஆறரை மெத்தை அதில் படுக்காது, நின்றுகொண்டுதான் வரும். கயிறு அழுத்தும் இடத்தில் பழைய போர்வையை வைக்கணும், பக்கவாட்டில் தைத்திருக்கும் பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அது நகர்த்த மட்டும்தான் என்று வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே வந்தான். அடுத்த முறை குறிப்பு எழுத ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், அவனை அனுப்பி வைக்கிறேன்.

அப்புறம் எல்லை. புதுச்சேரியிலிருந்து வரும் வண்டியைப் பாட்டிலுக்காகச் சோதிப்பது தாங்கள் அறிந்ததே. விரித்த மெத்தையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மடித்து, பிளாஸ்டிக் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டுக் கட்டிய மெத்தை! காவலர் லத்தியால் இரண்டு குத்து குத்திப் பார்த்தார். "உள்ள என்னம்மா?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ கயிறு?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவிழ்த்துக் காட்டினோம். பிளாஸ்டிக் கிழிந்தது. சொல்லி வைத்ததுபோல் தூறலும் பிடித்துக்கொண்டது.

திருப்பாதிரிப்புலியூர் வந்து கட்டை அவிழ்த்தால், நடுவில் மாட்டு முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் சரிந்து கிடக்கிறோம். தூசி படாமல் இருக்கட்டும், பிளாஸ்டிக் அப்படியே இருக்கட்டும் என்று தம்பி வேறு யோசனை சொன்னான். கடலோர ஊரில் ஈர மெத்தையை மூடி வைத்தால் பூஞ்சை விருந்துக்கு வந்துவிடும். உடனே உரித்து, சுவரில் சாய்த்து, ஃபேனைப் போட்டுவிட்டேன். இதுவும் உங்கள் குறிப்பில் இல்லை. லிஃப்டில் சோபாவை எப்படி ஏற்றுவது என்று மட்டும் அரைப் பக்கம் இருந்தது. எங்கள் தெருவில் லிஃப்டைக் காட்டினால் சந்தா தொகையை இரட்டிப்பாகக் கட்டுகிறேன்.

உங்களுக்கு ஊர் என்றால் சென்னைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, இந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, உங்கள் இதழில் புத்தாண்டு ராசிபலன் வந்தது. 2015 நவம்பரிலேயே கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. தெருவுக்குத் தெரு நனைந்த மெத்தைகளை மதில்மேல் போட்டிருந்தார்கள், பாதி குப்பைக்குத்தான் போனது. டிசம்பரில் சென்னை மூழ்கிய பிறகுதான் தாங்கள் சிறப்பிதழ் போட்டீர்கள். அதிலும் எங்களுக்கு ஒரு பத்தி. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். வந்து சேரவில்லை போலிருக்கிறது.

சரி, நஷ்டஈடெல்லாம் நான் கேட்கவில்லை. ஸ்பிரிங் மெத்தையையும் நார் மெத்தையையும் மடிக்க வேண்டாம் என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள், போதும். தயவுசெய்து ராசிபலன் பக்கத்தில் போடுங்கள். என் தம்பி அதைத்தான் முதலில் படிக்கிறான்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.