நான்காம் வகுப்பில் இருக்கும் அந்த டேப் (டேப்லெட்) பற்றி

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன பி.டி.ஏ. கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "எங்க பிள்ளைங்க போன் கொண்டுவந்தா வாங்கி வெச்சுக்கறீங்க, அந்தப் பொண்ணுக்கு மட்டும் டேப் எதுக்கு?" நியாயமான கேள்வி. அன்று அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால், மாணவியின் பெற்றோரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அவளுக்கு மூளை முடக்குவாதம். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது; நாக்கும் உதடும்தான் ஒத்துழைப்பதில்லை. டேப்பில் ஒரு படத்தைத் தொட்டால் அந்தச் சொல் தமிழில் ஒலிக்கும். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகள் வந்ததால் இது நம் மொழியிலேயே முடிகிறது. அவளுடைய டேப்பில் விளையாட்டோ வீடியோவோ கிடையாது. விரலால் தொட முடியாத பிள்ளைகளுக்குத் தலையசைவில் இயங்கும் சுவிட்சும், கண் போகும் திசையைப் பின்தொடரும் கருவியும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரெயிலையும் சைகை மொழியையும் போலவே இந்த மாற்று வழிகளையும் தகவல் தொடர்பு என்றே ஏற்கிறது. ஆகவே இதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். கண் மங்கலான பிள்ளையிடம் கண்ணாடியைக் கழற்றி வை என்று நாம் சொல்வதில்லையே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு நாள் காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். வீட்டு ஞாபகம் என்று நினைத்துச் சமாதானம் செய்தோம். மதியம் அம்மா வந்து பார்த்தபோதுதான் காதில் சீழ் பிடித்திருப்பது தெரிந்தது. நான்கு மணி நேரம் அந்தக் குழந்தை வலியைச் சொல்ல வழியில்லாமல் எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தாள். என்னால் அதை மறக்க முடியவில்லை. இப்போது 'வலிக்குது' என்பது டேப்பின் முதல் வரிசையிலேயே இருக்கிறது.

மழைக்காலத்தில் கரண்ட் போய் டேப் அணைந்துவிட்டால்? அதற்காக லேமினேட் செய்த படப் பலகை ஒன்றும் வைத்திருக்கிறோம். வட்டார வள மையத்திலிருந்து (பி.ஆர்.சி.) வரும் சிறப்பாசிரியை அன்போடு செய்து தந்தது. ஆனால் தண்ணீர்ப் படத்தின் கீழே மலையாள வழக்கப்படி 'வெள்ளம்' என்று இருந்தது. நம் வீடுகளில் வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது அல்லவா! அவளுடைய அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அதைத் 'தண்ணி' என்று மாற்றச் சொன்னார். அப்படியே தன் போட்டோவையும் ஒட்டவைத்தார். வீட்டில் புழங்கும் சொல் பலகையில் இல்லாவிட்டால் பிள்ளை அதை எடுக்கவே மாட்டாள்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் உங்கள் பிள்ளைகள்தான். பேசும்போது அவர்களும் பலகையைத் தொட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் அவளும் கற்கிறாள், மற்ற குழந்தைகள் நாம் பேசுவதைக் கேட்டுக் கற்பதைப் போல. 'அழுகுணி ஆட்டம்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே. சேர்த்தோம். மறுநாளே வகுப்புத் தலைவனைப் பார்த்து அதைத் தொட்டாள்.

"இதுக்குப் பழகிட்டா அப்புறம் பேச்சே வராதே" என்று சிலர் கவலைப்பட்டீர்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்திருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பள்ளி வாசலில் அவளைப் பார்த்தால், "பாப்பா சாப்பிட்டாளா?" என்று அவள் அம்மாவிடம் கேட்காதீர்கள். அவளிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். விரல் படத்தைத் தேடிப் போய்ச் சேர நேரமாகும். பாதியில் நீங்களே வாக்கியத்தை முடித்துவிட்டால் அவள் கையை எடுத்துவிடுவாள்.

வரும் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு நான்காம் வகுப்பு அறைக்கு வாருங்கள். ஆளுக்கொரு பலகை தருவோம். அரை மணி நேரம் வாய் திறக்காமல் அதைக் கொண்டு மட்டும் பேசிப் பார்ப்போம். சொல்லித் தரப்போவது அவள்தான். சம்மதமா என்று கேட்டேன். 'சரி' என்று தொட்டாள். அப்புறம் கொஞ்சம் தேடி, 'அம்மிச்சி', 'வரணும்' என்று இரண்டையும் தொட்டாள்.

அன்புடன்,
தலைமையாசிரியை